பன்னிரு வண்டிகள்: ஆர்னல்டு ஊர்தி நிறுவனத்தின் வரலாறு

தோற்றுவாய்

பொருளொன்றிற்குப் பெயரிடுங்கால் அதன்கண் உள்ளதைச் சுட்டிப் பெயரிடுவதே பெருவழக்கு. முக்காலி, நாற்காலி என்னும் பெயர்கள் அவ்வாறு எழுந்தவை. இல்லாததைச் சுட்டிப் பெயரிடுதல் அருகியே காணப்படும். வாலில்லாக் குரங்கு என்பது நமக்கு உடனே நினைவுக்கு வரும் எடுத்துக்காட்டு. குரங்கு எனின் வாலுடையது என நெஞ்சம் முன்னரே கொண்டுவிட்டமையால், வாலற்றதனைக் கண்டபோது அவ்வின்மையே அதற்குப் பெயராயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயருக்கும் இதுவே நேர்ந்தது. தம் சாலைகளில் புதியதோர் ஊர்தி ஓடக் கண்ட அவர்கள் அதனைக் 'குதிரையில்லா வண்டி' என்றழைத்தனர். அதன்கண் இருந்த பொறி அவர்தம் கண்ணிற்பட்டதினும், முன்னே இல்லாத குதிரையே மிகுதியும் பட்டது போலும். நாமோ பேருந்து, சிற்றுந்து, மகிழுந்து என அதன் இயக்கத்தைச் சுட்டியே பெயரிட்டோம். குதிரை இல்லாத குறை அதற்கு உண்டென்று நமக்குத் தோன்றாத காலத்தில் அவ்வூர்தி நம்மிடம் வந்து சேர்ந்தமை இதற்கொரு காரணமாகலாம்.

பெயரைப் பற்றிய இவ்வாராய்ச்சி வெறும் சொல்விளையாட்டன்று. ஒரு சொல்லின் பொருள் யாது என்னும் வினாவே இங்கிலாந்தின் தொடக்ககால ஊர்தித் தொழிலைப் பல்லாண்டுகள் தடுத்து நிறுத்தியது. அதனை விளக்குதற்கு நாம் எடுத்துக்கொண்டது ஒரு பெருநிறுவனத்தின் வரலாறன்று. 1896 முதல் 1898 வரை இரண்டாண்டுக் காலமே நின்று, ஏறத்தாழப் பன்னிரண்டு வண்டிகளைச் செய்து மறைந்த ஆர்னல்டு என்னும் சிறுநிறுவனத்தின் வரலாறே அஃது.

சட்டத்தில் ஒரு சொல்

இயந்திர வண்டி இங்கிலாந்திற்கு 1896இல் புதியதன்று. அதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்னரே நீராவி வண்டிகள் அந்நாட்டுச் சாலைகளில் ஓடின. கோல்ட்ஸ்வொர்தி கர்னி என்பார் செய்த நீராவி வண்டிகளைக் கொண்டு 1831இல் செல்ட்டன்ஹாமிற்கும் குளோஸ்டருக்கும் இடையே சில திங்கள் பயணிகளை ஏற்றிச் சென்றனர். வால்ட்டர் ஹான்காக் என்பார் இலண்டன் தெருக்களிலேயே நீராவிப் பேருந்துகளை ஓட்டினார். இவ்வண்டிகள் பயனுடையன, இடரற்றன என்று 1831இல் பாராளுமன்றக் குழுவொன்று ஆய்ந்து கூறவும் செய்தது. எனினும் சாலை அறக்கட்டளையினர் குதிரை வண்டிக்கு வாங்கிய சுங்கத்தைப்போல் பன்மடங்கு சுங்கத்தை இவற்றிற்கு விதித்தனர். இருப்புப்பாதையும் விரைந்து பரவியது. நீராவி வண்டி சாலையினின்று பையப் பைய மறைந்தது.

எஞ்சி நின்றவை உழவுக்கும் சுமையிழுப்பிற்கும் உரிய பேரெடை இழுவைப் பொறிகள் மட்டுமே. அவற்றை மனத்திற்கொண்டே 1861இலும் 1865இலும் இயங்குபொறிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய பொறி ஊர்ப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும், ஊருக்குள் 2 மைலுக்கும் மேற்பட்ட விரைவில் செல்லலாகாது. மூவர் உடன் இருத்தல் வேண்டும். அவருள் ஒருவர் 60 கெஜத்திற்குக் குறையாத தொலைவில் செங்கொடி ஏந்தி முன்னே நடத்தல் வேண்டும். பத்து டன் எடையுள்ள நீராவிப் பொறியொன்று புகை கக்கிக்கொண்டு கிராமச் சாலையில் வருவதை எண்ணிப் பார்ப்போமாயின், இச்சட்டத்தை இயற்றியோரை முற்றும் நகைத்தற்கில்லை. குதிரைகள் மருண்டு வண்டிகளைக் கவிழ்த்தல் உண்மையாகவே நிகழ்ந்தது.

இடர் விளைந்தது வேறோரிடத்தில். எவ்வகைப் பொறிக்கு இச்சட்டம் பொருந்தும் என வரையறுக்கப் புகுந்தோர், 'நீராவியாலேனும், விலங்கின் ஆற்றலன்றிப் பிற எவ்வாற்றலாலேனும் இயங்குவது' எனப் பொருள்படும் தொடரை அமைத்துவிட்டனர். எடையைப் பற்றிய பேச்சே அவ்வரையறையில் இல்லை. பிற எவ்வாற்றல் என்று எழுதியபோது அவர்தம் நெஞ்சில் எவ்வாற்றலும் தோன்றியிராது என்பதே நம் கருத்து. ஐயத்திற்கு இடமின்றி எழுதவேண்டும் என்னும் சட்ட வல்லுநரின் பழக்கமே அத்தொடரைப் பிறப்பித்திருக்கும். ஆயின், எழுதிய சொல் எழுதினோரின் நெஞ்சைக் கடந்து வாழும் இயல்பினது.

1881இல் இதற்கொரு சோதனை வந்தது. சர் தாமஸ் பார்க்கின்சு என்பார் நீராவியின் துணைகொண்டு ஓடும் மூவுருளி மிதிவண்டியொன்றில் சென்றார். ஒரு மனிதர் ஏறி அமரும் சிறுவண்டி அஃது. உயர்நீதிமன்றம் சட்டத்தின் சொல்லை நோக்கியது. அம்மிதிவண்டியும் இயங்குபொறியே என்று தீர்ப்பளித்தது. அன்று முதல் மெல்லிய ஊர்தியொன்றைச் செய்ய விழையும் ஆங்கிலேயத் தொழிலர் எவரும் முன்னே ஓர் ஆளை நடக்கவிட்டு அதன் பின்னே ஊர்ந்து செல்லுதற்கு உடன்பட்டாக வேண்டும் என்றாயிற்று. 1878ஆம் ஆண்டுத் திருத்தத்தால் செங்கொடி கட்டாயம் என்னும் விதி நீங்கி, முன்னே நடப்போனின் தொலைவும் 20 கெஜமாகக் குறைந்திருந்தது. நடக்கும் ஆள் நீங்கவில்லை. வேக வரம்பும் நீங்கவில்லை.

1886 சனவரி 29ஆம் நாள் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை விண்ணப்பம் செய்தார். பிரெஞ்சு நாட்டில் பனார், பெழோ முதலிய நிறுவனங்கள் 1890களின் தொடக்கத்திலேயே ஊர்திகளைச் செய்து விற்றன. நீராவிப் பொறியின் தாயகமாகிய இங்கிலாந்து மட்டும் வாளா இருந்தது. அங்குத் திறமைக்குப் பஞ்சமில்லை; செய்த பொருளை ஓட்டுதற்குச் சாலைதான் இல்லை.

கெண்ட் மாவட்டத்துப் பட்டறை

இங்கிலாந்தின் தென்கிழக்கே உள்ளது கெண்ட் மாவட்டம். பழத்தோட்டங்களும் வேளாண் நிலங்களும் மிக்கது. அங்குக் கிழக்குப் பெக்கம் என்னும் சிற்றூரில் ஆர்னல்டு குடும்பத்தார் மாவாலைகளுக்கும் வேளாண்மைக்கும் வேண்டிய பொறிகளைச் செய்து வந்தனர். நம்மூர்களில் எண்ணெய்ச் செக்கிற்கும் நெல் அரைவை ஆலைக்கும் உறுப்புகள் செய்து தரும் பட்டறைகளைக் கண்டோர் இதன் தன்மையை எளிதில் உணர்வர். வார்ப்பும் கடைசலும் அறிந்தோர், உள்ளூர் உழவரிடம் நற்பெயர் உடையோர், பெருமுதல் இல்லாதோர்.

இவ்வட்டாரத்தில் ஊர்திப் பேச்சு எழுந்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. சில மைல் தொலைவில் உள்ள டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில் 1895 அக்டோபர் 15ஆம் நாள், சர் டேவிட் சாலமன்ஸ் என்பார் குதிரையில்லா வண்டிகளின் கண்காட்சி ஒன்றை நடத்தினார். காட்சிக்கு வந்த ஊர்திகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் மக்கள் திரளாகக் கூடினர். அவ்வாண்டு சூலைத் திங்களில் ஈவ்லின் எல்லிஸ் என்பார் பிரெஞ்சு நாட்டிலிருந்து தருவித்த பனார் வண்டியில் மைக்கல்டெவரிலிருந்து டாச்செட் வரை 56 மைல் பயணம் செய்திருந்தார். செல்வமும் குடிப்பெருமையும் உடைய இவ்விருவரும் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாகவே முயன்றனர். காவலர் இவர்களை அணுகத் தயங்கினர் என்றே கொள்ளவேண்டும்.

வால்ட்டர் ஆர்னல்டுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. அவர் இலண்டன் வணிகராகிய என்றி ஹியூட்சனோடு இணைந்து பென்ஸ் வண்டிகளை இங்கிலாந்தில் விற்கும் முகவராயினார். வெளிநாட்டு வண்டியை விற்பதோடு அமையாமல், அதனைத் தழுவித் தம் பட்டறையிலேயே வண்டி செய்யவும் எண்ணினார். இங்ஙனம் தோன்றியதே ஆர்னல்டு மோட்டார் வண்டி.

நாற்குற்றம்

1896ஆம் ஆண்டு சனவரித் திங்களின் பிற்பகுதி. வால்ட்டர் ஆர்னல்டு பென்ஸ் வகை வண்டியொன்றில் ஏறிப் பேடக் வுட் என்னும் ஊரின் வழியே சென்றார். அவ்வூர்க் காவலர் அதனைக் கண்டார். மிதிவண்டியில் ஏறிப் பின்தொடர்ந்தார். ஏறத்தாழ ஐந்து மைல் துரத்திச் சென்று பிடித்தார் என்பர். ஆர்னல்டு சென்ற விரைவு மணிக்கு 8 மைல். அவ்விரைவில் ஐந்து மைல் கடக்க அரைமணி நேரத்திற்கும் மேலாகும். குளிர்காலத்து மண்சாலையில் அக்காவலர் பெடலை மிதித்த அரைமணியை எண்ணும்போது, கடமையுணர்ச்சியில் அவரை விஞ்சியோர் அரியர் என்று சொல்லத் தோன்றுகிறது.

வழக்கு டன்பிரிட்ஜ் நீதிமன்றத்திற்குச் சென்றது. குற்றங்கள் நான்கு. குதிரை பூட்டாத வண்டியைப் பொதுச்சாலையில் செலுத்தியமை ஒன்று. மூவருக்குக் குறைந்தோர் வண்டியின் பொறுப்பில் இருந்தமை மற்றொன்று. மணிக்கு 2 மைல் என்னும் வரம்பைக் கடந்தமை மூன்றாவது. உரிமையாளரின் பெயரும் முகவரியும் வண்டியில் தெளிவாக எழுதப்படாமை நான்காவது.

இவற்றுள் முதற் குற்றத்தை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவர் செய்த செயலொன்றும் அதன்கண் கூறப்படவில்லை. குதிரை இல்லாமையே குற்றமாகக் கூறப்பட்டது. மேலே நாம் கண்ட பெயர் வழக்கு அப்படியே குற்றப்பத்திரிகையில் ஏறி அமர்ந்துவிட்டது. ஆர்னல்டின் சார்பில் வாதாடியோர், இழுவைப் பொறிகளுக்கென எழுந்த சட்டம் இவ்விலேசான புத்தூர்திக்குப் பொருந்தாது எனக் காட்ட முயன்றனர். 1881இன் தீர்ப்பு நிற்கும்வரை அவ்வாதம் எடுபடுதல் அரிது. தண்டம் விதிக்கப்பட்டது. மிகுவேகத்திற்கென விதிக்கப்பட்டது ஒரு ஷில்லிங்கும் வழக்குச் செலவும்.

வேக வரம்பை மீறியமைக்காக மோட்டார் வண்டியோட்டி ஒருவர் தண்டிக்கப்பட்ட முதல் நிகழ்ச்சி என்று இது நூல்களில் இடம்பெறுகிறது. இன்று ஆர்னல்டின் பெயரை அறிந்தோர் பலரும் இவ்வொன்றாலேயே அறிவர். தொழிலரின் பெயர் அவர் செய்த பொருளால் நில்லாமல், செலுத்திய தண்டத்தால் நிலைத்தமை வியப்பே. ஆயினும் அவ்வழக்கு அவருக்கு இழப்பு என்று கொள்வதற்கில்லை. ஒரு ஷில்லிங் கொடுத்து அவர் பெற்ற விளம்பரத்தை எந்நாளிதழிலும் அவ்விலைக்குப் பெற்றிருக்க இயலாது.

ஆண்டு முடிவதற்குள் சட்டமே மாறியது. 1896 நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நெடுஞ்சாலை இயங்குபொறிச் சட்டம், மூன்று டன்னுக்குக் குறைந்த ஊர்திகளைத் தனி வகையாகப் பிரித்தது. முன்னே நடக்கும் ஆளும் வேண்டாம் என்றது. மணிக்கு 14 மைல் என அச்சட்டம் இசைந்த வேகத்தை உள்ளாட்சி வாரியம் 12 மைலாகக் குறைத்தது. எங்ஙனமாயினும் ஆர்னல்டு சனவரியில் சென்ற 8 மைல் நவம்பரில் குற்றமன்று. பத்துத் திங்களில் சாலையும் மாறவில்லை, வண்டியும் மாறவில்லை, வரையறை மாறியது.

வண்டியின் அமைப்பு

ஆர்னல்டு வண்டி பென்ஸ் நிறுவனத்தின் 'வெலோ' என்னும் சிறுவண்டியைத் தழுவியது. ஆதலின் வெலோவின் அமைப்பை அறிதல் இதனை அறிதலே ஆகும். இருவர் அமரும் திறந்த வண்டி. கிடைநிலையில் அமைந்த ஒற்றை உருளைப் பொறி இருக்கையின் பின்புறம் இருந்தது. அதன் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரைக் குதிரைத்திறன். இன்று நாம் கிணற்றில் நீரிறைக்கப் பயன்படுத்தும் சிறு மின்பொறிக்கு நிகர். குதிரையை நீக்கிய வண்டியின் வலிமையைக் குதிரையாலேயே அளக்க நேர்ந்தமையையும் ஈண்டுக் குறிக்கலாம்.

பொறியின் சுழற்சி தோல் வார்களின் வழியே ஓர் இடைத்தண்டிற்குச் சென்று, அங்கிருந்து சங்கிலிகளால் பின் உருளைகளை அடைந்தது. ஒரு வாரினின்று மற்றொரு வாருக்கு மாற்றினால் வேகம் மாறும். மழையில் வார் நனைந்தால் வழுக்கும். மேட்டில் ஏறுங்கால் ஒருவர் இறங்கித் தள்ளவும் நேரும். பொறியைக் குளிர்விக்கும் நீர் கொதித்து ஆவியாகிப் போய்விடுமாதலின் வழியில் அடிக்கடி நீர் ஊற்றவேண்டும். சமநிலத்தில் மணிக்கு 12 மைல் அளவில் செல்லலாம்.

எரிபொருள் மற்றொரு தொல்லை. மருந்துக் கடையிலும் விளக்கெண்ணெய்க் கடையிலும் கிடைத்த மெல்லெண்ணெயை நாடவேண்டிய காலம் அது. 'பெட்ரோல்' என்னும் சொல்லே கார்லெஸ், கேப்பல், லியனார்டு என்னும் இலண்டன் நிறுவனம் தன் சரக்கிற்கு இட்ட பெயர். அதனைத் தனக்கே உரிய வணிகக்குறியாகப் பதிந்துகொள்ள அந்நிறுவனம் முயன்றும் இயலவில்லை; சொல் பொதுச்சொத்தாயிற்று. இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்ச் சிறுவனும் வழங்கும் அச்சொல் ஒரு கடையின் பொருட்பெயராகத் தொடங்கியது என்பதைச் சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையோர் குறித்துக்கொள்ளலாம்.

பொறியை இயக்கத் தொடங்குதலே அனைத்தினும் கடினம். பின்னே சென்று பெரிய சுழலுருளையைக் கையால் பற்றிச் சுழற்றவேண்டும். நேரம் தப்பிப் பற்றிக்கொண்டால் பொறி எதிர்த்து உதைக்கும். பிற்காலத்தில் கைப்பிடி இட்டுச் சுழற்றும் முறை வந்தபோதும் மணிக்கட்டு முறிந்தோர் பலர்.

இவ்விடத்தில்தான் ஆர்னல்டு வண்டி பொறியியல் வரலாற்றில் ஒரு சிறப்பிடம் பெறுகின்றது. ஹெர்பர்ட் ஜான் டவ்சிங் என்னும் மின்பொறியாளர் 1896இல் செய்யப்பட்ட ஆர்னல்டு வண்டியொன்றை வாங்கினார். மின்னாற்றலால் அறையை வெப்பமூட்டும் கருவிகளை ஆக்குவதில் முன்னோடியாகத் திகழ்ந்தவர் அவர். மின்னோட்டத்தைத் தந்தால் மோட்டாராகச் சுழல்வதும், பொறியால் சுழற்றினால் மின்னை ஆக்குவதுமாகிய இருதிறக் கருவியொன்றை அவர் வண்டியின் சுழலுருளையோடு இணைத்தார். அது பொறியைத் தொடக்கி வைக்கும், மேடேறுங்கால் துணைநிற்கும், ஓடுங்கால் மின்கலத்தை நிரப்பும். மோட்டார் வண்டியொன்றில் மின்தொடக்கி பொருத்தப்பட்ட முதல் முயற்சி இதுவென்பர்.

அமெரிக்க நாட்டில் சார்லஸ் கெட்டரிங் என்பார் செப்பமான மின்தொடக்கியை ஆக்கியது 1911இல். காடிலாக் வண்டிகளில் அது 1912ஆம் ஆண்டு வகை முதல் இடம்பெற்றது. அதற்கு ஒன்றரைப் பதிற்றாண்டுக்கு முன்னரே கெண்ட் மாவட்டத்து வண்டியொன்று அதனைத் தாங்கியிருந்தது. மேடேறுங்கால் துணைநின்று, ஓடுங்கால் மின்கலத்தை நிரப்பும் அம்முறை இன்றைய கலப்பின ஊர்திகளிலும் வேறு வடிவில் காணப்படுகிறது. டவ்சிங்கின் முயற்சி பரவாமைக்கு அக்காலத்து மின்கலங்களின் பேரெடையே போதிய காரணம். ஒன்றரைக் குதிரைத்திறன் உள்ள பொறி, தன்னைத் தொடக்கி வைக்கும் கருவியையும் சுமந்துகொண்டு மேடேறுதல் எளிதன்று.

கைவசம் இல்லாத சரக்கு

அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஊர்தித் தொழிலைத் தன்வயப்படுத்த முயன்ற மற்றொருவரைப் பற்றியும் கூறாது செல்ல இயலாது. அவர் ஹாரி லாசன். மிதிவண்டித் தொழிலில் பொருளீட்டியவர். காப்புரிமைகளை விலைக்கு வாங்கிக் குவித்தார். 1896இல் 7,50,000 பவுண்டு முதல் எனப் பறைசாற்றிப் 'பெருங் குதிரையில்லா வண்டி நிறுவனம்' என்பதைத் தோற்றுவித்தார். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலேயே இலண்டனிலிருந்து பிரைட்டன் வரை விடுதலை ஓட்டம் ஒன்றை நடத்தியவரும் அவரே. வழியில் பழுதாகி நின்ற வண்டிகள் பல. ஒரு வண்டி புகைவண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டுப் பிரைட்டனில் சேறு பூசி இறக்கப்பட்டது என்னும் செய்தி அன்றே உலவியது.

அந்நிறுவனத்தின் பங்குகள் விற்ற விரைவில் வண்டிகள் வெளிவரவில்லை. தன் கைவசம் இல்லாத பொருளை விற்றலாகாது என்னும் இஸ்லாமிய வணிக நெறியை அறிந்தோர்க்கு லாசனின் போக்கை விளக்க வேறு உரை வேண்டா. அவர்தம் காப்புரிமைக் கோட்டை 1901இல் நீதிமன்றத்தில் சரிந்தது. 1904இல் பங்குதாரரை ஏமாற்றிய குற்றத்திற்காக அவர் ஓராண்டுக் கடுங்காவல் பெற்றார்.

ஆர்னல்டு இதற்கு நேர்மாறானவர். அவரிடம் பட்டறை இருந்தது; செய்த வண்டிகளும் இருந்தன. ஏறத்தாழப் பன்னிரண்டு வண்டிகள் செய்து 1898இல் அத்தொழிலினின்று விலகினார். நேர்மையானவரும் நிற்கவில்லை, அல்லாதவரும் நிற்கவில்லை என்று எளிதாகக் கூறிவிடலாம், காரணங்கள் வெவ்வேறு. வெலோவைச் செய்த பென்ஸ் நிறுவனம் 1899ஆம் ஆண்டில் மட்டும் 572 வண்டிகளை ஆக்கியது. ஒன்றொன்றாகக் கையாற் செய்யும் சிற்றூர்ப் பட்டறை, அதே வடிவ வண்டியை நூற்றுக்கணக்கில் செய்யும் ஆலையோடு விலையில் போட்டியிடுதல் ஆகாது. அவ்வடிவமும் பழையதாகிக்கொண்டிருந்தது. பொறியை முன்னே வைத்துப் பற்சக்கரங்களால் வேகத்தை மாற்றும் பனார் நிறுவனத்தாரின் முறையே பின்வந்த வண்டிகளுக்கெல்லாம் வழிகாட்டியது. வாரும் பின்பொறியும் வழக்கொழிந்தன.

இவற்றினும் பெரிது காலம் என்றே நாம் கருதுகிறோம். 1881இன் தீர்ப்பு வேறாக இருந்திருப்பின் கிழக்குப் பெக்கத்துப் பட்டறை போன்ற பத்துப் பதினைந்து பட்டறைகள் 1880களிலேயே முயன்று, தவறி, மீண்டும் முயன்று கற்றிருக்கக்கூடும். பிற நாட்டார் பத்தாண்டு கற்றதனை ஆர்னல்டு இரண்டாண்டில் கற்கவேண்டியிருந்தது. டவ்சிங்கின் கருவியைப் பார்க்கும்போது கற்கும் ஆற்றல் அங்குக் குறைவாக இருந்ததாகத் தெரியவில்லை.

ஆர்னல்டு வண்டிகளுள் எஞ்சியவை இன்றும் போற்றப்படுகின்றன. விடுதலை ஓட்டத்தின் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் நவம்பர்த் திங்களில் நடைபெறும் இலண்டன்–பிரைட்டன் ஓட்டத்தில், 1905க்கு முற்பட்ட வண்டிகள் மட்டுமே கலந்துகொள்ளும். ஆர்னல்டு வண்டியும் அவ்வோட்டத்தில் ஓடியதுண்டு. விடியற்காலையில் ஹைடு பூங்காவில் செங்கொடி ஒன்றைக் கிழித்தெறிந்து ஓட்டத்தைத் தொடங்கி வைப்பது மரபு. அக்கொடியைச் சட்டம் கட்டாயமாகக் கொண்டிருந்தது 1878 வரையில்தான். ஆர்னல்டின்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் நான்கனுள்ளும் கொடியைப் பற்றிய பேச்சே இல்லை.